ஆட்சேபம் இல்லாத கந்தையா

போன மாதம் பழைய அலுவலகத்திலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தாள். நான் ஓய்வுபெறும் காலத்தில் புதிதாகச் சேர்ந்தவள். ஓட்டுநர் உரிமமெல்லாம் இனிக் கைபேசிக்குள் போகப்போகிறதாம். ஆளுக்கு ஒரே அடையாளம், ஒரே பெயர், நாடு முழுக்க ஒரே மாதிரி இருக்கவேண்டும் என்று பேச்சு அடிபடுகிறதாம்.

"இப்படி ஒன்றை முன்பே நீங்கள் செய்து பார்த்தீர்களாமே? ஓடாத கார் என்று இங்கே இன்னும் பேசிக்கொள்கிறார்கள். அது என்ன கதை?" என்று கேட்டாள்.

அவளுக்கு ஐந்து நிமிட இடைவேளைதான் இருந்தது. ஐந்து நிமிடத்தில் சொல்லக்கூடிய கதை இல்லை அது. அதனால் எழுதுகிறேன்.

நான் மலேசியாவில் கிள்ளானில் பிறந்தவள். கணக்கியல் படிக்க லண்டனுக்கு வந்து, படித்து முடித்து, கல்யாணம் செய்து ஹரோவிலேயே தங்கிவிட்டேன். என் கடவுச்சீட்டில் இந்திராணி ஏ/பி கோவிந்தசாமி என்று இருக்கும். 'ஏ/பி' என்றால் மலாயில் 'இன்னாரின் மகள்' என்று அர்த்தம். லண்டனில் அந்த இரண்டு எழுத்தும் சேர்ந்து 'ஆப்' என்று என் பெயரே ஆகிவிட்டது. வேலைக்குச் சேர்ந்த அன்று மேசையில் 'ஆப் கோவிந்தசாமி' என்று பெயர்ப்பலகை இருந்தது. "ஆப், டீ வேண்டுமா?" என்று அன்பாகக் கேட்டார்கள். நானும் அன்பாகக் குடித்தேன்.

அது ஓர் ஒப்பந்த நிறுவனம். ஓட்டுநர் உரிமம் பற்றிப் பொதுமக்கள் எழுதும் முறைப்பாடுகளைப் படித்துப் பதில் அனுப்புவது எங்கள் வேலை. வடமேற்கு லண்டனில், தரைவிரிப்பு விற்கும் கடைக்கு மேல்மாடியில் இருந்தோம். என்னைப் போட்ட பிரிவுக்கு ஆட்சேபப் பிரிவு என்று பெயர். அங்கே எங்களுக்கு மேலதிகாரி திருமதி பென்ஃபோல்ட்.

முதல் நாள் அவர் என் பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டு, "ஆப் என்பது எதன் சுருக்கம்?" என்று கேட்டார்.

"மகள்" என்றேன்.

சற்று யோசித்தார். "அப்படியானால் அது பெயர் இல்லை, பதவி" என்றார். மறுநாள் பலகை மாறியிருந்தது. அந்த ஒரு காரியத்துக்காகவே அவரிடம் நீண்டகாலம் வேலை செய்தேன் என்று சொன்னாலும் பொய் இல்லை.

திருமதி பென்ஃபோல்ட் வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் சொல்லவேண்டும். ஆட்சேபக் கடிதத்தை அவர் உட்கார்ந்து படிக்கமாட்டார். எழுந்து நின்றுதான் படிப்பார். ஒருவர் நம்மோடு சண்டைக்கு வரும்போது நாற்காலியில் சாய்ந்திருப்பது மரியாதை இல்லை என்பார். படித்து முடித்ததும், எழுதியவருக்கு என்ன வேண்டும் என்பதை ஒரே ஒரு வாக்கியத்தில் எழுதச்சொல்வார். அந்த வாக்கியத்தைக் கடிதம் எழுதியவருக்கே தொலைபேசியில் வாசித்துக்காட்டவேண்டும். "ஆமாம், இதுதான் எனக்கு வேண்டும்" என்று அவர் வாயால் சொன்ன பிறகுதான் எந்த விதி, என்ன பதில் என்று பார்ப்போம். 'துரதிர்ஷ்டவசமாக' என்ற சொல்லை எழுதினால் கடிதத்தைத் திருப்பித் தந்துவிடுவார். "அதிர்ஷ்டத்துக்கும் நமக்கும் சம்பந்தமில்லை. மறுப்பது நாம்" என்பார்.

பாதி ஆட்சேபங்கள் அந்தத் தொலைபேசி அழைப்போடு முடிந்துபோகும். கிழக்கு லண்டனிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். உரிமத்தில் சிரிக்காமல் இருக்கும் படம் தன்னைப் போலவே இல்லையாம். மனைவியே "யார் இது?" என்று கேட்டாராம். 'இந்த நாடு உங்களை உங்கள் சிரிப்பால் அடையாளம் காணவேண்டும் என்று விரும்புகிறீர்கள்' என்று எழுதி வாசித்தேன். அதை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். பிறகு, "அப்படிச் சொல்லும்போது அதிகமாகத்தான் தெரிகிறது" என்றார். மறுவாரம் சிரிக்காத படம் ஒன்றை நன்றியோடு அனுப்பிவைத்தார். ஹரோவில் ஒரு அம்மையார், தான் மனிதப் பிறவி, தனக்கு எண் போடக்கூடாது என்று ஆட்சேபித்தார். கடிதத்தின் தலைப்பில் அவருடைய பழைய முறைப்பாட்டின் எண்ணைத் தெளிவாகக் குறிப்பிட்டிருந்தார்.

இப்படிச் சுமுகமாகப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் எங்கள் நிறுவனம் ஓர் இயந்திரத்தை வாங்கியது. இயந்திரம் என்றால் கண்ணுக்குத் தெரியும் பொருள் அல்ல. கணினிக்குள் ஓடும் ஒரு திட்டம். எங்கள் வட்டாரத்தில் மட்டும் சோதனையாக ஓடவிட்டார்கள். ஒருவருடைய பெயர் எங்கெங்கே பதிவாகியிருக்கிறதோ அத்தனையையும் அது தேடிப்பிடிக்கும். எல்லாவற்றையும் சேர்த்து ஒரே ஆளாக்கும். ஒருவருக்கு ஒரு முதற்பெயர், ஒரு குடும்பப்பெயர், ஒரு முகம். குடும்பப்பெயர் இல்லாதவருக்கு அதுவே ஒன்றைக் கண்டுபிடித்துக் கொடுக்கும்.

எங்கள் வட்டாரத்தில் தமிழர்கள் அதிகம். யாழ்ப்பாணத்து வழக்கப்படி தகப்பன் பெயர் முன்னால், தன் பெயர் பின்னால். குடும்பப்பெயர் என்று ஒன்று கிடையாது. ஒரே வீட்டில் கணவனுக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு ஒன்று என்று குடும்பப்பெயர்கள் வந்ததைப் பார்த்த இயந்திரம், 'இது விடுதியா?' என்று ஒரு வீட்டுக்காரருக்குக் கடிதம் போட்டது. ஊழியர்களுக்கு இதை விளக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். வெள்ளைப்பலகையில் படம் வரைந்து விளக்கினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். இயந்திரத்தை வாங்கிவந்த இளம் மேலாளர் கை தூக்கினார்.

"அருமையான விளக்கம். இதில் குடும்பப்பெயர் எது?"

"எதுவும் இல்லை."

"புரிகிறது. ஆனால் எது?"

இந்தச் சமயத்தில்தான், ஒரு குளிர்காலக் காலையில், அந்தத் தகப்பனும் மகனும் எங்கள் முகப்புக்கு வந்தார்கள். மகனுக்கு ஐம்பது வயதுக்குக் கிட்ட இருக்கும். குளிரிலும் வியர்த்திருந்தார். தகப்பனுக்கு எண்பதுக்கு மேல். கம்பளித் தொப்பி, கழுத்தில் மப்ளர், கோட்டின் மேற்பையை ஒரு கையால் பொத்திப் பிடித்திருந்தார்.

"அக்கா, என்ர லைசென்ஸ் அப்பாவுக்குப் போயிட்டுது" என்றார் மகன்.

"போகேல்லை. வந்திருக்கு" என்றார் தகப்பன்.

பையிலிருந்து புத்தம்புதிய அட்டை ஒன்றை எடுத்து எனக்குக் காட்டினார். கையில் தரவில்லை. தூரத்தில் வைத்தே காட்டினார். பெயர் கந்தையா சிவபாலன். படத்தில் இருந்தது பெரியவரின் முகம்.

"ஐயாவுக்குக் கார் ஓட்டத் தெரியுங்களா?"

"தெரியாது" என்றார். "ஆனா ஓடலாம் எண்டு இதில எழுதியிருக்கு."

நடந்தது இதுதான். மகன் பெயர் சிவபாலன். தகப்பன் பெயர் கந்தையா. அகதியாக வந்தபோது மகனின் பத்திரங்களில் ஊர் வழக்கப்படி கந்தையா சிவபாலன் என்று இருந்தது. இங்கே கந்தையா முதற்பெயர், சிவபாலன் குடும்பப்பெயர் என்று எடுத்துக்கொண்டார்கள். தாயார் இறந்த பிறகு தகப்பனை அவர் லண்டனுக்குக் கூப்பிட்டார். அப்போது எங்கோ ஓர் அதிகாரி, தகப்பனுக்கும் மகனுக்கும் ஒரே குடும்பப்பெயர்தானே இருக்கவேண்டும் என்று யோசித்திருக்கிறார். மகனின் குடும்பப்பெயர் சிவபாலன். ஆகவே பெரியவரும் கந்தையா சிவபாலன் ஆனார்.

இரண்டு பேருக்கும் ஒரே பெயர், ஒரே வீட்டு விலாசம். உண்மையான பிறந்தநாளுக்குப் பத்திரம் இல்லாததால் இரண்டு பேருக்கும் ஜனவரி முதலாம் திகதியே எழுதப்பட்டிருந்தது. வருடம் மட்டும் வேறு. அதை இயந்திரம் எழுத்துப்பிழை என்று முடிவு செய்தது. பழைய வருடமே நம்பகமானது என்று அதை வைத்துக்கொண்டது. படங்களில் எது புதிதோ அதை எடுத்துக்கொண்டது. அண்மையில் விசாவுக்குப் படம் எடுத்தவர் பெரியவர்தான்.

சிவபாலன் சக்கர நாற்காலிப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றி இறக்கும் மினிபஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். எழுபது வயதைத் தாண்டியவருக்கு மினிபஸ் ஓட்டும் தகுதி தானாகவே ரத்தாகிவிடும். இயந்திரத்தின் கணக்கில் அவருக்கு இப்போது எண்பதுக்கு மேல். வேலையிடத்தில் அவரை வீட்டில் நிற்கச்சொல்லிவிட்டார்கள்.

"ஒரு பிள்ளை புது டிரைவரோட ஏறமாட்டன் எண்டு நிக்குதாம். பெல்ட் போடேக்க நான் ஒரு பாட்டுப் பாடுவன், அது இல்லாமல் அவள் கையைத் தூக்கமாட்டாள். இப்ப அந்தப் பிள்ளை பள்ளிக்கூடமே போறேல்லை அக்கா" என்று சொல்லிவிட்டு அவர் வேறு பக்கம் பார்த்தார்.

உடனே ஆட்சேபத்தைப் பதிவு செய்கிறேன் என்று கணினியைத் தட்டினேன். இயந்திரம் ஏற்க மறுத்தது. உரிமத்துக்குச் சொந்தக்காரர்தான் ஆட்சேபிக்கலாம். சொந்தக்காரர் பெரியவர். மகன் என்று ஒருவர் பதிவிலேயே இல்லை. இல்லாத ஒருவரின் ஆட்சேபத்தை எப்படிப் பதிவது?

பெரியவரிடம் திரும்பினேன். "ஐயா, நீங்க ஆட்சேபம் சொன்னாப் போதும். உங்களுக்கு இதுல ஆட்சேபம் இருக்குதானே?"

"எனக்கென்ன ஆட்சேபம் பிள்ளை? நல்லாயிருக்கு. படமும் வடிவாய் வந்திருக்கு."

"அப்பா!" என்றார் மகன்.

"கவுண்மேந்து தந்தது. நான் கேட்டனானோ?"

அட்டை மறுபடியும் கோட்டுப் பைக்குள் போய்விட்டது.

திருமதி பென்ஃபோல்டிடம் போய்ச் சொன்னேன். அவர் எழுந்து நின்று கேட்டார். அவருடைய பணிக்காலத்தில், ஆட்சேபம் இருப்பவரைச் சமாதானப்படுத்தத்தான் போராடியிருக்கிறார். ஆட்சேபம் இல்லாத ஒருவரிடமிருந்து ஓர் ஆட்சேபத்தைப் பெறவேண்டிய நிலை வந்ததில்லை. "நேரில் போய்க் கேட்போம்" என்றார்.

மெட்ரோபாலிட்டன் லைன் ரயிலில், அவர்கள் வீடு இருந்த ரெய்னர்ஸ் லேனில் போய் இறங்கினோம். சிவபாலனின் மனைவி வசந்தி தேநீரும் சூடான பருத்தித்துறை வடையும் கொண்டுவந்து வைத்தார். திருமதி பென்ஃபோல்ட் ஒரு வடையைக் கையில் எடுத்த நேரம் தொலைபேசி மணி அடித்தது. பெரியவர் எடுத்தார். எனக்கே கேட்டது, "கந்தையா இருக்கிறாரா?" என்று ஆங்கிலத்தில் யாரோ கேட்டார்கள். பெரியவர் தொலைபேசியை மகனிடம் நீட்டினார். வேலையிடத்து ஆள். சிவபாலன், "ஹலோ, கந்தையா பேசுறன்" என்றார்.

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே வாசலில் தபால் விழுந்தது. ஆஸ்பத்திரிக் கடிதம், மிஸ்டர் சிவபாலன் என்ற பெயரில். வசந்தி அதை எடுத்துவந்து மாமனாரின் மடியில் வைத்தார். அந்த வீட்டில் யாருக்கும் இது விசித்திரமாகத் தெரியவில்லை.

திருமதி பென்ஃபோல்ட் வடையைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து நின்றார். "அவருக்கு ஓர் ஆட்சேபம் இருக்கிறது. கேட்கத் தயாராக இருக்கிறேன் என்று சொல்லுங்கள்" என்றார்.

சொன்னேன். பெரியவர் நிற்கும் பெண்மணியைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"பிள்ளை, நான் ஊரில பஸ் கண்டக்டரா இருந்தனான். அந்த ரூட்டில கந்தையரைத் தெரியாத ஆள் இல்லை. இஞ்ச வந்தால் ஆஸ்பத்திரியில மிஸ்டர் சிவபாலன் எண்டு கூப்பிடுறாங்கள். பெத்தவன்தான் பிள்ளைக்குப் பேர் வைக்கிறது. பிள்ளையின்ர பேரைப் பெத்தவனுக்கு வைச்சிருக்கிறாங்கள். இவனை வேலையில கந்தையா எண்டு கூப்பிடுறாங்கள். விடிய எழும்பி என்ர பேர் வேலைக்குப் போகுது. நான் வீட்டில இருந்து பாக்கிறன்."

நான் மொழிபெயர்த்தேன். பெரியவர் தொடர்ந்தார்.

"இவ்வளவு காலமும் அவன் என்ர பேரில ஓடினவன். நான் ஏதும் சொன்னனானோ? இப்பதான் என்ர படமும் என்ர பேருமாய் ஒரு சாமான் வந்திருக்கு. அதையும் குடு எண்டால் என்ன கதை?"

"அப்பா, அது இல்லாட்டி எனக்கு வேலை இல்லை."

"உன்ர பேரில ஒண்டு எடன்ரா."

"என்ர பேரே அதுதானே அப்பா!"

திருமதி பென்ஃபோல்ட் பேனாவை எடுத்து எழுதினார். முதலில் பெரியவருக்கு வாசித்தார்: 'இந்த நாட்டில் யாராவது ஒருவர் உங்களை உங்கள் பெயரால் அழைக்கவேண்டும் என்று விரும்புகிறீர்கள்.' நான் தமிழில் சொன்னதும் பெரியவர், "ஓம்" என்றார். பிறகு மகனுக்கு வாசித்தார்: 'அந்தப் பிள்ளைகளை மறுபடியும் ஏற்றிக்கொண்டு போக விரும்புகிறீர்கள்.' அவரும் "ஓம்" என்றார்.

"இரண்டும் நியாயமானவை" என்றார் திருமதி பென்ஃபோல்ட். "பிரச்சினை என்னவென்றால், இயந்திரத்தைப் பொறுத்தவரை நீங்கள் இரண்டு பேரும் ஒருவர்."

திரும்பும் வழியில் ரயிலில் அவருக்கு ஒரு யோசனை வந்தது. எழுபதைத் தாண்டிய எவரையும் ஓட்டிக்காட்டச் சொல்லிச் சோதிக்க விதி இருக்கிறது. பெரியவரைச் சோதனைக்கு அழைத்தால் அவருக்கு ஓட்டத் தெரியாது என்று எழுத்தில் வந்துவிடும். ஓட்டத் தெரியாதவரின் உரிமம் வேறு யாருடையதாகவோதான் இருக்கவேண்டும். அப்போது இயந்திரம் ஒத்துக்கொண்டே ஆகவேண்டும். எனக்கும் நல்ல யோசனையாகத்தான் பட்டது. பெரியவரும் மறுக்கவில்லை. சோதனைக்குப் போடுவதற்கு மகனிடமே ஒரு டை இரவல் வாங்கினாராம்.

சோதனை நாள் காலையில் விதிப்புத்தகத்தை மறுபடியும் புரட்டினேன். ஓர் இடத்தில் விரலை வைத்து மறுபடியும் படித்தேன். சோதனையில் தோற்றால் பதிவு முழுவதும் ரத்தாகும். முழுவதும் என்றால் சிவபாலனின் பழைய தகுதிகளும் சேர்த்து. ஏனென்றால் அது ஒரே ஆளின் பதிவு. தகப்பன் தோற்றால் மகன் மறுபடியும் பழகுநராகத் தொடங்கவேண்டும். தகப்பன் வென்றால் உரிமம் தகப்பனுடையதே. தோற்கவும் கூடாது, வெல்லவும் கூடாது.

திருமதி பென்ஃபோல்டிடம் காட்டினேன். வழக்கம்போல நின்றபடி படித்தார். பிறகு, நான் பார்த்த முதல் தடவையாக, படித்து முடித்ததும் உட்கார்ந்தார். சோதனையை நிறுத்தலாமா என்று கேட்டேன். நிறுத்துவதென்றால் பல நாட்களுக்கு முன்பே அறிவிக்கவேண்டும். அன்று காலையில் முடியாது. இரண்டு பேரும் டாக்ஸி பிடித்து ஓடினோம்.

சோதனை நிலையத்து வாசலில் தகப்பனும் மகனும் நின்றார்கள். பெரியவர் டையும் கோட்டுமாக மாப்பிள்ளை மாதிரி இருந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். சிவபாலன் தகப்பனிடம் திரும்பினார்.

"அப்பா, நீங்கள் பெயில் விட்டால் என்ர லைசென்ஸும் போச்சாம். பாஸ் பண்ணினால் அது உங்கடையாம்."

"அப்ப நான் என்ன செய்யிறது?" என்று பெரியவர் என்னைக் கேட்டார்.

நான் திருமதி பென்ஃபோல்டைக் கேட்டேன்.

"எனக்குத் தெரியவில்லை என்று சொல்லுங்கள்" என்றார் அவர்.

சொன்னேன். பெரியவர் தலையை ஆட்டிக்கொண்டார். அதற்குள் பரிசோதகர் வந்துவிட்டார். சிவந்த தாடி வைத்த இளைஞர். மொழிபெயர்க்க யாரும் காருக்குள் ஏறக்கூடாது என்பது விதி. பெரியவர் தனியாக நடந்துபோய், காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, ஒவ்வொரு டயரையும் காலால் தட்டிவிட்டு ஏறினார்.

நாங்கள் மூவரும் கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். என் வாழ்நாளில் ஒரு கார் நகரக்கூடாது என்று அவ்வளவு உருக்கமாக நான் வேண்டிக்கொண்டதில்லை.

காரின் எஞ்சின் முழங்கியது. சிவபாலன் கண்ணை மூடிக்கொண்டார். கார் நகரவில்லை. இடப்பக்க விளக்கு மின்னியது. பிறகு வலப்பக்க விளக்கு. வெயில் நாளில் கண்ணாடியைத் துடைக்கும் கைகள் இரண்டும் வேகமாக ஆடின. ஹார்ன் ஒரு தடவை நீளமாக ஒலித்தது. திருமதி பென்ஃபோல்ட் என் கையை இறுகப் பிடித்தார். கார் நகரவில்லை.

உள்ளே நடந்ததைப் பரிசோதகரே பிறகு எங்களிடம் சொன்னார். "தயாரானதும் புறப்படுங்கள்" என்று அவர் சொல்லியிருக்கிறார். "தேங்க்யூ சேர்" என்றிருக்கிறார் பெரியவர். பெல்ட்டைப் போட்டார். கண்ணாடிகளைத் திருத்தினார். பின்னால் பார்த்தார். மறுபடியும் கண்ணாடிகளைத் திருத்தினார்.

"தயாரா?" என்று கேட்டதற்கு, "நொட் ரெடி சேர்" என்றார்.

இன்னும் கொஞ்ச நேரம் போனதும் மறுபடி கேட்டாராம்.

"பீப்பிள் கெட்டிங் இன் சேர்."

பரிசோதகர் திரும்பிப் பின் இருக்கையைப் பார்த்தார். யாரும் இல்லை. ஆனால் சோதனைக்கு வந்தவரை அவசரப்படுத்தக்கூடாது என்று விதி இருக்கிறது. எவ்வளவு நேரம் வரை அவசரப்படுத்தக்கூடாது என்று விதி சொல்லவில்லை. ஆகவே அவரும் காத்திருந்தார். பெரியவர் இடையிடையே கண்ணாடியைப் பார்ப்பதும், பின்னால் திரும்பி யாருக்கோ தலையாட்டுவதுமாக இருந்தார். அடுத்த ஆளின் முறை வந்து, அந்த ஆள் வந்து காரின் கண்ணாடியில் தட்டும்வரை இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

பரிசோதகர் எழுதிய அறிக்கையைப் பின்னர் நான் படித்தேன். 'கண்ணாடிகளைப் பயன்படுத்தும் முறை மிகச் சிறப்பு. பாதுகாப்பு உணர்வு அபாரம். தவறுகள் எதுவும் இல்லை. ஓட்டிய தூரம் எதுவும் இல்லை. சோதனை தொடங்கவில்லை.'

பெரியவர் இறங்கிவந்தார். கால் விறைத்துப்போய் நொண்டினார். சிவபாலன் ஓடிப்போய்த் தாங்கிப் பிடித்தார்.

"நான் ஒரு நாளும் வண்டி ஓடினதில்லை. ஆனா எப்ப எடுக்கக்கூடாது எண்டு எனக்குத் தெரியும்" என்றார் பெரியவர். மகன் அவருடைய டையைத் தளர்த்திவிட்டார். வேலிக்கருகில் நின்று இருவரும் கொஞ்ச நேரம் சிரித்தார்களா அழுதார்களா என்று எனக்குத் தெரியாது. நான் பார்க்கவில்லை. திருமதி பென்ஃபோல்டுக்கு மூக்குச் சிந்தக் கைக்குட்டை தேடிக்கொண்டிருந்தேன்.

அந்த அறிக்கையை இயந்திரத்துக்குள் போட்டோம். இயந்திரத்தால் அதைச் செரிக்க முடியவில்லை. சோதனைக்கு வந்து, வெல்லாமலும் தோற்காமலும் காத்திருப்பவர் பழகுநர் என்பது அதன் ஒரு விதி. முழு உரிமம் வைத்திருப்பவர் பழகுநராக இருக்கமுடியாது என்பது இன்னொரு விதி. இரண்டும் முட்டிக்கொண்டன. ஒரு பகல் முழுக்கத் திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. சாயங்காலம் நான் கோட்டை மாட்டும்போது வட்டம் நின்றது. ஒரு கந்தையா சிவபாலன் இரண்டு பேராகிவிட்டார். பழைய பதிவு முகம் இல்லாமல் ஒரு பக்கம் கிடந்தது. இன்னொரு பக்கம் பெயர் இல்லாத ஒரு பழகுநர் எண்பது வயது முகத்தோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முகம் இல்லாத பதிவில் சிவபாலனின் படத்தையும் சரியான பிறந்த வருடத்தையும் சேர்த்தோம். அவருக்கு மினிபஸ் உரிமம் வந்தது. வேலைக்குத் திரும்பிய அன்று அந்தப் பிள்ளை கையைத் தூக்கினாளாம். முகப்புக்குத் தொலைபேசி எடுத்து அதை மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். சில மாதங்களில் எங்கள் நிறுவனம் அந்த இயந்திரத்தைச் சத்தமில்லாமல் நிறுத்திவிட்டது. இளம் மேலாளர் வேறு வேலைக்குப் போனார். போகும் அன்றுகூட என்னிடம், "உண்மையைச் சொல்லுங்கள், அதில் குடும்பப்பெயர் எது?" என்று கேட்டார். ஒரே அடையாளம் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். அவரைப் போன்றவர்கள் அந்தக் கேள்வியோடு ஒரு வருஷம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டுப் பிறகு தொடங்கினால் நல்லது என்பேன்.

பெயர் இல்லாத பழகுநரின் பெயரை அவரே சொல்லட்டும் என்றார் திருமதி பென்ஃபோல்ட். பெரியவர் மகனோடு வந்தார். முத்துத்தம்பி கந்தையா என்று சொன்னார். முத்துத்தம்பி அவருடைய தகப்பன். முதற்பெயர் பெட்டியில் முத்துத்தம்பி, குடும்பப்பெயர் பெட்டியில் கந்தையா என்று நான் தட்டினேன். புதிய அட்டை, பழகுநர் உரிமம், வந்ததும் கூப்பிட்டோம்.

வாங்கி, கண்ணாடியை மேலே தூக்கிவிட்டு, எழுத்தெழுத்தாக வாசித்தார்.

"பிள்ளை, இதை ஆஸ்பத்திரியில காட்டலாமோ?"

"காட்டலாங்க ஐயா. இனிமே மிஸ்டர் கந்தையான்னுதான் கூப்பிடணும்."

மறுபடியும் வாசித்தார். வாய்விட்டுச் சிரித்தார். "இப்ப என்ர அப்பரின்ர பேரும் லைசென்ஸில வந்திட்டுது. அவருக்கு சைக்கிளே ஓடத் தெரியாது."

"என்ன சொல்கிறார்?" என்று திருமதி பென்ஃபோல்ட் கேட்டார். மொழிபெயர்த்தேன். அவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்து நின்றார்.

"அவருடைய தந்தைக்கு இதில் ஆட்சேபம் ஏதும் உண்டா என்று கேளுங்கள்."

கேட்டேன். பெரியவர் எனக்குப் பின்னால் இருந்த ஜன்னலைப் பார்த்தார். நிஜமாகவே யாரிடமோ கேட்டுவிட்டுச் சொல்பவரைப் போல நேரம் எடுத்துக்கொண்டார்.

"இல்லையாம் எண்டு சொல்லு பிள்ளை" என்றார். "அவரையும் ஒருக்கா விசாரிச்சதுக்குப் பெரிய நன்றியாம் எண்டும் சொல்லு."